பூச்சி அரிக்காத செல்வம்

(பொதுக்காலம் 19-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: லூக்கா 12:32-48)



சென்ற ஞாயிறு ஒரு செல்வந்தரைப் பற்றிக் கேட்டோம். விளைச்சல் பெருகியது, களஞ்சியம் போதவில்லை, பழையதை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தார், அன்றிரவே அவர் உயிர் கேட்கப்பட்டது. இன்று அதே அதிகாரத்தில் ஆண்டவர் தம் சீடர்களிடம் பேச்சைத் தொடர்கிறார். உங்களிடம் இருப்பதை விற்றுத் தர்மம் செய்யுங்கள், விண்ணகத்தில் செல்வம் சேருங்கள், அங்கே திருடன் நெருங்குவதில்லை, பூச்சி அரிப்பதுமில்லை என்கிறார்.

திருடனைச் சொன்னது நமக்குப் புரிகிறது. பூச்சியை ஏன் சொன்னார்? இவ்வளவு பெரிய செய்திக்கு நடுவே, கைவிரலால் நசுக்கிவிடக்கூடிய ஒரு சிறு உயிரை ஏன் கொண்டுவந்து நிறுத்தினார்?

அன்பார்ந்தவர்களே, ஆண்டவர் வாழ்ந்த நாட்டில் துணி என்பது சொத்து. சிரியா நாட்டுப் படைத்தலைவர் நாமான் தம் தொழுநோய் நீங்க எலிசாவிடம் வந்தபோது, வெள்ளியோடும் பொன்னோடும் பத்துப் பட்டாடைகளையும் கொண்டுவந்தார் என்று அரசர்கள் இரண்டாம் நூல் சொல்கிறது. சிம்சோன் விடுகதை போட்டுப் பந்தயம் கட்டியதும் முப்பது உடைகளுக்குத்தான். ஆட்டு உரோமத்தில் நெய்த மேலாடை ஒருவருக்குப் பகலில் உடை, இரவில் போர்வை. பணமுள்ளவர்கள் அதைப் பேழையில் அடுக்கிச் சேர்த்தார்கள். அந்தப் பேழைக்குள் நுழையத் திருடனுக்குச் சுவரில் கன்னம் போட வேண்டும். பூச்சிக்கு ஓர் இடுக்கு போதும்.

மத்தேயு நற்செய்தியில் இதே போதனை வரும் இடத்தில் பூச்சியோடு இன்னொரு சொல்லும் சேர்ந்து வருகிறது. அதைத் துரு என்று வாசித்துப் பழகியிருக்கிறோம். கிரேக்க மூலத்தில் உள்ள அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'தின்னுதல்' என்பதே. அதனால் அது உலோகத்தைத் தின்னும் துரு என்று ஒரு சாராரும், களஞ்சியத்துத் தானியத்தைத் தின்னும் புழு என்று மற்றொரு சாராரும் விளக்கம் தருகிறார்கள். இந்த இரண்டாவது விளக்கத்தை எடுத்துக்கொண்டால், ஆண்டவர் நம் வீட்டின் இரண்டு மூலைகளைத் தொட்டுவிட்டார்: துணிப் பெட்டி ஒன்று, அரிசிப் பானை மற்றொன்று. இந்த இரண்டையும் இன்று நாம் திறந்து பார்ப்போம். அடுத்த சில வாரங்களில் வேளாங்கண்ணித் திருவிழா வருகிறது. பட்டுகள் வெளியே வரும். அதையடுத்து அக்டோபரில் மழை தொடங்கும். வீடெல்லாம் ஈரம் ஏறும். பெட்டியைத் திறந்து பார்க்க இதுவே ஏற்ற காலம்.

முதலில் துணிப் பெட்டி. இதை அரிப்பது அந்துப்பூச்சி. அதை விரட்டப் போடுகிற உருண்டைக்கே நம் மக்கள் 'அந்துருண்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாச்சை உருண்டை என்று சொல்லும் ஊர்களும் உண்டு. துணியை அரிக்கும் அந்து மிகச் சிறியது, வைக்கோல் நிறம், ஒரு சென்டிமீட்டர்கூட இராது. விளக்கு வெளிச்சத்தைச் சுற்றிப் பறக்கும் பூச்சிகளைப் பார்த்து இதுதான் துணியை அரிக்கிறது என்று பலர் அடிக்கிறார்கள். துணி அந்து வெளிச்சத்தைத் தேடி வராது. வெளிச்சம் பட்டால் மடிப்புக்குள் ஓடி ஒளியும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வோம். பறக்கும் அந்து துணியைத் தின்பதே இல்லை. அதற்கு உண்ணும் வாயே சரியாக அமையவில்லை. முட்டையிடுவதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு பெண் பூச்சி 40, 50 முட்டைகள் இடும். அவற்றிலிருந்து வரும் வெள்ளைப் புழுதான் தின்னும். உணவும் சூடும் வாய்த்தால் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். வாய்க்காவிட்டால் இரண்டு ஆண்டுகள்கூடப் புழுவாகவே காத்திருக்கும். இன்னொரு வகைப் புழு தனக்கொரு சிறு கூடு பின்னி, அதற்குள் இருந்தபடியே சுவரில் ஊர்ந்து போகும். தட்டையாக, பூசணி விதை போல, சிமெண்டு நிறத்தில் குளியலறைச் சுவரிலும் கட்டிலின் பின்னாலும் அதைப் பார்த்திருப்பீர்கள். அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைக்கப் போனால் அது நகரும். அதுவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஒட்டடை, உதிர்ந்த முடி, கம்பளி எல்லாம் அதற்கு உணவு.

இந்தப் புழு தின்பது விலங்குகளிடமிருந்து வந்த பொருள்களை: கம்பளி, பட்டு, முடி, இறகு. சுத்தமான பருத்தி வேட்டியை அது பொதுவாகத் தொடாது. ஆனால் அதே வேட்டியில் வியர்வையும் எண்ணெயும் சாம்பார்க் கறையும் இருந்தால் தொடும். கட்டிய சேலையைத் துவைக்காமல், உலர்த்தாமல், 'ஒருமுறைதானே கட்டினோம்' என்று மடித்து வைக்கிறோமே, அங்கேதான் அழைப்பிதழ் போய்ச் சேருகிறது.

என்ன செய்வது? அலமாரி முழுவதையும் காலி செய்வோம். பாதி காலி செய்வதில் பயனில்லை. ஒவ்வொரு துணியையும் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உதறுவோம். காலரின் அடி, சேலையின் மடிப்பு, கோட்டின் பை, தையல் ஓரம், இங்கெல்லாம் மென்மையான தூரிகையால் தேய்ப்போம், முட்டைகள் உதிர்ந்துவிடும். கம்பளியும் பருத்தியும் நல்ல வெயிலில் கிடக்கட்டும். பட்டு வெயிலில் நிறம் மங்கும். அதை நிழலில் காற்றாட விரிப்போம். அலமாரியின் மூலை, அடித்தட்டின் இடுக்கு, பின்பலகை, எல்லாவற்றையும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப அடுக்குவோம். பெருக்கி எடுத்த தூசியை வீட்டுக் குப்பைக்கூடையில் போடாமல் வெளியே கொண்டுபோவோம். ஜன்னல் மேல் புறா கட்டிய பழைய கூடு இருந்தால், முட்டையோ குஞ்சோ இல்லை என்று பார்த்துவிட்டு அகற்றுவோம். பறவைக் கூட்டின் இறகுகளிலிருந்தும் இந்தப் பூச்சி வீட்டுக்குள் வரும்.

அரிப்பு தொடங்கிவிட்ட கம்பளிச் சட்டையோ சால்வையோ இருந்தால், அதைப் பாலித்தீன் பையில் காற்று போகாமல் கட்டி ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைக்கலாம். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் மூன்று நாள் இருந்தால் புழு சாகும். வீட்டு ஃப்ரீசரை நாம் அடிக்கடி திறப்பதால் ஒரு வாரம் வைப்பது நல்லது. வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காமல், குளிர் போகும்வரை அப்படியே வைத்திருந்தால் துணியில் ஈரம் கோக்காது. பட்டுச் சேலையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுவோம். மடிப்பு இற்றுப் போகாது. பூச்சி வந்திருந்தால் கண்ணிலும் படும்.

வேப்பிலை, நொச்சி இலை, வசம்பு என்று நம் பாட்டிமார் வைத்தவை வீண் அல்ல. அவற்றின் வாசனை வருகிற பூச்சியைத் தயங்க வைக்கும். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை அவை கொல்லாது. சுத்தம் செய்துவிட்டு இலை போட வேண்டும். சுத்தத்துக்குப் பதிலாக இலை போடக் கூடாது.

அந்துருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அது காற்றுப் புகாத பெட்டிக்குள் ஆவி நிறைந்தால்தான் வேலை செய்யும். தினமும் திறக்கும் அலமாரியில் அந்த ஆவி பூச்சிக்குப் போவதைவிட நம் மூச்சுக்குள் போவதே அதிகம். வெள்ளையாக உருண்டையாக இருப்பதால் குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடுவார்கள். அதைவிட மறைவான ஆபத்து ஒன்று உண்டு. சில குழந்தைகளின் இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அந்துருண்டையோடு பெட்டியில் கிடந்த துணியையோ போர்வையையோ அப்படிப்பட்ட பச்சிளங்குழந்தைக்குச் சுற்றினால், அந்த ஆவியே போதும். இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரும். பிள்ளை பிறந்த வீட்டில் பாட்டியின் பழைய பட்டுத் துண்டைப் பாசத்தோடு எடுத்துச் சுற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வீட்டில் அந்துருண்டையே வேண்டாம். பழைய துணிகளைத் துவைத்து, வெயிலில் பலமுறை காயவைத்து, வாசனை முற்றிலும் போன பிறகே பிள்ளையின் அருகில் கொண்டுவர வேண்டும். துணி போனால் வேறு துணி வாங்கலாம்.

இனி சமையலறை. ரவை டப்பாவைத் திறக்கிறோம். ரவை கட்டி கட்டியாக நூல் கோத்துக் கிடக்கிறது. மாலையில் ஒரு சாம்பல் நிறப் பூச்சி அடுப்பங்கரையில் வளைந்து வளைந்து பறக்கிறது. மறுநாள் ஒரு புழு சுவரேறிக் கூரையை நோக்கிப் போகிறது. இவை மூன்றும் ஒரே கதையின் மூன்று பக்கங்கள். அரிசி அந்து என்று ஒன்று. ரவை, மாவு, கேழ்வரகு, அரிசி எல்லாவற்றிலும் நூல் பின்னும். இறக்கையில் பாதி வெளிறி, பாதி செம்பு நிறமாக இன்னொன்று உண்டு. அதற்கு உலகமெங்கும் 'இந்திய மாவு அந்து' என்று பெயர். அமெரிக்காவில் மக்காச்சோளத்தை 'இந்தியச் சோளம்' என்பார்கள். அந்தச் சோள மாவில் அது மேய்வதை 1856-இல் அங்குள்ள பூச்சியியல் அறிஞர் ஆசா ஃபிட்ச் எழுதியதால் வந்த பெயர் அது. நம் நாட்டின் மேல் வந்த பழி அல்ல!

இந்த அந்து பெரும்பாலும் நாம் கடையிலிருந்து வாங்கி வரும் பொட்டலத்துக்குள்ளேயே முட்டையாக வருகிறது. ஒரு பெண் அந்து நூறு, இருநூறு என்று முட்டையிடும். நம் ஊர்ச் சூட்டில் ஒன்றரை மாதத்துக்குள் அடுத்த தலைமுறை பறக்கும். புழுவுக்கு மெல்லிய பாலித்தீன் உறையைக் கடித்துத் துளைக்கும் பலமும் உண்டு. அதனால் ஒரு பொட்டலத்தில் வந்தது பக்கத்துப் பொட்டலத்துக்குப் போகிறது.

ஆகவே இங்கேயும் முழுமையாகத்தான் தேட வேண்டும். ரவை, கடலை மாவு, சத்துமாவு, முந்திரி, திராட்சை, காய்ந்த மிளகாய், நாய்க்கு வாங்கிய உணவு, கோழித் தீவனம், எல்லாவற்றையும் திறந்து பார்ப்போம். புழு கூடு கட்டுவது மாவுக்குள் மட்டும் அல்ல. மூடியின் மரை, அலமாரியின் ஆணித் துளை, தட்டில் விரித்த செய்தித்தாளின் அடி, சுவரில் தொங்கும் காலண்டரின் பின்புறம், இப்படி ஒதுங்கிய இடங்களில். அங்கெல்லாம் துடைக்க வேண்டும். டப்பாக்களைச் சுடுநீரில் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைப்போம். புதிதாக வாங்கியதைப் பழையதன் தலையில் கொட்ட வேண்டாம். பழையது தீர்ந்து, டப்பா கழுவிக் காய்ந்த பிறகு கொட்டுவோம். ரவையை வாங்கியதும் வறுத்து ஆறவைத்து, இறுக மூடும் டப்பாவில் வைப்பது நம் வீடுகளின் பழைய அறிவு. அந்தச் சூட்டில் முட்டை சாகும். துவரம்பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பதும் அப்படிப்பட்ட அறிவுதான். மாவையும் முந்திரியையும் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுக்கலாம். கடையில் கிடைக்கும் ஒட்டும் பொறி ஆண் பூச்சிகளை மட்டும்தான் இழுக்கும். பூச்சி இருக்கிறதா என்று காட்டும், ஒழித்துவிடாது. உணவு இருக்கும் அலமாரியில் பூச்சிமருந்து மட்டும் அடிக்கவே கூடாது.

நூல் கோத்த மாவைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லிவிடுவது எளிது. மாதத்தின் கடைசி வாரத்தில் ரேஷன் அரிசியை நம்பியிருக்கும் வீட்டில் அது எளிதல்ல. அந்தத் தாய்மார்களின் கைத்திறமையை நாம் மதிக்க வேண்டும். முழு அரிசியில் லேசாகப் பூச்சி இருந்தால் வெயிலில் விரித்து, முறத்தில் புடைத்து, பலமுறை களைந்து சமைக்கிறார்கள். அதில் தவறில்லை. நூலும் எச்சமும் கலந்து வாடையடிக்கும் மாவை மட்டும் உண்ண வேண்டாம். அது கோழிக்குப் போகட்டும்.

படைப்பில் ஒன்றும் வீணில்லை என்பதற்கு இந்த அந்தே சாட்சி. காட்டில் துணி அந்தின் இனம் உதிர்ந்த இறகையும் முடியையும் தின்று மண்ணைச் சுத்தம் செய்கிறது. அரிசி அந்தையோ நம் தமிழகத்து ஆய்வுக்கூடங்களில் கம்பு கொடுத்து வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை அவற்றில் வளரவிட்டு, அந்த அட்டைகளைக் கரும்புத் தோட்டத்தில் கட்டுகிறார்கள். வெளிவரும் குளவிகள் கரும்பைத் துளைக்கும் புழுவின் முட்டைகளை அழிக்கின்றன. நம் டப்பாவில் பகையாக இருப்பது உழவரின் வயலில் துணையாக நிற்கிறது.

அன்பார்ந்தவர்களே, இப்போது இரண்டு மூலைகளையும் சேர்த்துப் பார்ப்போம். துணிப் பெட்டியிலும் அரிசி டப்பாவிலும் பூச்சி தேடுவது எதை? இருட்டை, அசைவின்மையை, யாரும் வராத இடத்தை. தினமும் உடுத்தும் சட்டையில் அந்து வைப்பதில்லை. தினமும் கை போகும் அரிசிப் பானையில் நூல் பின்ன நேரமில்லை. நாம் மறந்துபோன பொருளைத்தான் பூச்சி நினைவில் வைத்திருக்கிறது. 

அப்படியானால் சேமிப்பதே பாவமா? இல்லை. விடுதலைப் பயண நூலின் 16-ஆம் அதிகாரத்தை நினைவுகூருவோம். பாலைநிலத்தில் மன்னா பொழிந்தது. நாளை கிடைக்குமோ என்று பயந்து மறைத்து வைத்தவர்களின் மன்னாவில் விடிவதற்குள் புழு வைத்து நாறியது. ஆனால் ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் இரு மடங்கு எடுத்து வைத்தார்களே, அதில் புழு வைக்கவில்லை. அதே உணவு, அதே வெயில், அதே பாத்திரம். ஒன்று ஆண்டவர் சொல் கேட்டு வைத்தது. மற்றது பயத்தில் பதுக்கியது. எகிப்தில் யோசேப்பு ஏழு ஆண்டு தானியம் சேர்த்தார். அந்தக் களஞ்சியம் பஞ்சத்தில் திறந்தது. சுற்றியிருந்த நாட்டினரும் அதில் உண்டார்கள். சென்ற ஞாயிறு பார்த்த செல்வந்தரும் களஞ்சியம் கட்டத்தான் நினைத்தார். ஆனால் அவர் பேச்சில் 'என்' என்பதே திரும்பத் திரும்ப வந்தது. வேறு யாருக்கும் அதில் கதவு இல்லை. 

அந்தச் செல்வந்தரின் உவமையை வைத்துத்தான் புனித பசிலியார் கப்பதோக்கியா நாட்டில் மறையுரை ஆற்றினார். 368-ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. செல்வர்களின் களஞ்சியங்களைத் திறக்கச் சொல்லி அவர் மன்றாடினார்; ஏழைகளுக்குத் தாமே உணவு பரிமாறினார். நீ பிடித்து வைத்திருக்கும் அப்பம் பசித்தவருக்கு உரியது, பேழையில் பூட்டிய ஆடை உடையில்லாதவருக்கு உரியது என்பது அவர் போதனையின் சாரம். கொடுப்பதை அவர் தாராள மனம் என்று சொல்லவில்லை. உரியவருக்கு உரியதைத் தருவதாகவே பார்த்தார். அப்படிப் பார்த்தால், நம் பெட்டியில் அந்து அரித்த கம்பளி வேறொருவருடைய கம்பளி. நம் டப்பாவில் புழுத்த மாவு வேறொரு பிள்ளையின் கஞ்சி.

ஆனால் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியை நம் கடற்கரை மறக்காது. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணிகள் நாகப்பட்டினம் கரைக்கு வந்தன. கிழிந்தவை, அழுக்கானவை, அந்த மக்கள் உடுத்தவே முடியாதவை எத்தனையோ சாலையோரம் குவிந்து மண்ணில் கிடந்தன. வீடிழந்து நின்றாலும் உழைத்து உண்ட மக்கள் அவர்கள். அடுத்தவர் கழித்துப் போட்டதை எடுக்கக் கூசினார்கள். தில்லியைச் சேர்ந்த கூஞ்ச் என்ற தொண்டு அமைப்பு அப்படிக் கழிந்த துணிகளைச் சேகரித்து, தரம் பிரித்து, பயன்படும்படி மாற்றியது. அனுப்பியவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் பெட்டியில் இற்றுப்போகும்வரை வைத்திருந்து, பிறகு கொடுப்பது கொடையாகாது. நம் குப்பையைச் சுமக்க இன்னொருவரைக் கேட்பது அது. புனித மார்ட்டின் ஆமியேன் நகர வாயிலில் ஏழைக்குக் கொடுத்தது பரணில் கிடந்த போர்வையை அல்ல. தாம் அன்று குளிருக்குப் போர்த்தியிருந்ததை வாளால் இரண்டாக்கிக் கொடுத்தார்.

எனவே இந்த வாரம் அலமாரியைக் காலி செய்யும்போது துணிகளை மூன்று குவியலாகப் பிரிப்போம். உடுத்துவது ஒன்று. நல்ல நிலையில் இருந்தும் ஓராண்டாக நாம் உடுத்தாதது இரண்டாவது. அதைத் துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டு, நம் பிள்ளைக்கு எடுத்து வைப்பது போல மடித்துக் கொடுப்போம். கிழிந்ததும் அரித்ததும் மூன்றாவது. அது நம் வீட்டுத் துடைப்புத் துணியாகட்டும், யாருக்கும் போக வேண்டாம். சமையலறையிலும் அப்படியே. தேவைக்கு மேல் வாங்கிய அரிசியும் பருப்பும் பூச்சி வருமுன், காலாவதி நாளுக்கு முன் நம் பங்கின் வின்சென்ட் தே பால் சபையினர் கையில் சேரட்டும். 1833-இல் பாரிஸ் நகரில் ஃபிரடெரிக் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய அந்தச் சபையினர் ஏழையின் வீட்டுக்கே நடந்துபோய்க் கொடுப்பதைத் தங்கள் வழியாகக் கொண்டவர்கள். நாம் சமைத்து உண்ணாததை அவர்கள் கையில் கொடுத்து, அவர்களைத் தலைகுனிய வைக்க வேண்டாம். ஆலயத்திலும் பட்டுத் திருவுடைகளும் மாதாவுக்குச் சாத்திய சேலைகளும் உண்டு. உபதேசியாரோடு அன்பியத்தைச் சேர்ந்த நாலு பேர் கூடி ஒருநாள் அந்த அலமாரியையும் திறந்து காற்றாட விடலாம்.

இன்னொரு பெட்டியும் சில வீடுகளில் இருக்கிறது. இறந்துபோன அம்மாவின் சேலைகள் அதில் இருக்கும். அப்பாவின் கம்பளிச் சால்வை இருக்கும். சில நேரம் ஒரு பிள்ளையின் சட்டை இருக்கும். ஆண்டுகள் போனாலும் அதைத் திறக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அதைத் திறந்து கொடுத்துவிடுங்கள் என்று அந்தக் குடும்பத்தாரை யாரும் அவசரப்படுத்த வேண்டாம். துக்கத்துக்கு அதன் காலம் உண்டு. ஆனால் அன்போடு ஒன்று சொல்வோம். பூட்டியே வைத்தால் அந்தப் பட்டு நிலைக்காது. நாம் போற்றி வைத்ததைப் பூச்சி எடுத்துக்கொள்ளும். ஒருநாள் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பெட்டியைத் திறங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஒரு சேலையை மகள் எடுத்துத் திருவிழாத் திருப்பலிக்குக் கட்டட்டும். ஒன்றைப் பேத்தியின் பாவாடையாகத் தையுங்கள். ஒன்றை, அம்மா உயிரோடு இருந்தால் யாருக்குக் கொடுத்திருப்பாரோ அவருக்குக் கொடுங்கள். அம்மாவின் நினைவு வெளிச்சத்துக்கு வரட்டும். இருட்டில் கிடந்தது போதும். 

உங்கள் செல்வம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உங்கள் உள்ளமும் இருக்கும் என்று ஆண்டவர் இன்றைய நற்செய்தியில் முடிக்கிறார். பசித்தவர் உண்ட கஞ்சியைப் புழு தொடுவதில்லை. குளிரில் நடுங்கியவர் போர்த்திக்கொண்ட கம்பளி பழசாகும், நைந்தும் போகும். ஆனால் கொடுத்த அன்பு விண்ணகத்தில் கணக்காகிவிட்டது. இதே நற்செய்தியில் இடையைக் கட்டிக்கொண்டு, விளக்கை ஏற்றி வைத்து விழித்திருக்கும் பணியாளரையும் ஆண்டவர் புகழ்கிறார். அந்த விளக்கை இந்த வாரம் நம் பெட்டியின் மூலைக்கும் சமையலறை அலமாரிக்கும் கொண்டுபோவோம். 

செபிப்போம். 

அன்பின் இறைவா, எங்களுக்கு உடுக்க உடையும் உண்ண உணவும் தந்தீர், உமக்கு நன்றி. நாளையைப் பற்றிய அச்சத்தில் நாங்கள் பூட்டி வைத்தவற்றைத் திறக்க எங்களுக்குத் துணிவு தாரும். கெட்டுப்போகும்வரை வைத்திருந்து கொடுக்கும் மனத்தை எங்களிடமிருந்து அகற்றி, நல்லதை நல்ல நேரத்தில் மரியாதையோடு கொடுக்கும் மனத்தைத் தாரும். வீட்டைப் பேணிக் காக்கும் தாய்மாரின் கைகளை ஆசீர்வதியும். இழந்த அன்பர்களின் நினைவோடு வாழ்வோரைத் தேற்றியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.